தேக்கை எண்ணியவர் – டாக்டர் டீட்ரிக் பிராண்டிஸ்

காரைக்குடிப் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள பழைய வீடுகளின் மரத்தூண்களைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கறையான் அண்டாமல், வெடிப்பு விடாமல், வழவழவென்று நிற்கும் அந்தத் தூண்களைக் காட்டி, இது பர்மா தேக்கு என்று வீட்டுக்காரர்கள் பெருமையுடன் சொல்வார்கள். செட்டிநாட்டில் மட்டுமா? நம் ஊர்களில் பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகையானாலும், தாத்தாவின் சாய்வு நாற்காலியானாலும் அது பர்மா தேக்கு என்றால் தனி மதிப்புத்தான். ஆனால் அந்தத் தேக்குக் காடுகள் ஒரே தலைமுறையில் மொட்டையாகிப் போகாமல் இருந்ததற்கு ஒரு ஜெர்மானியத் தாவரவியல் ஆசிரியர் காரணமாக இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் டாக்டர் டீட்ரிக் பிராண்டிஸ்.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள போன் நகரில் 1824-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் ஆகஸ்ட் பிராண்டிஸ் தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு மன்னர் ஓட்டோவுக்குத் துணையாயிருக்க அவர் ஏதென்ஸ் சென்றபோது, சிறுவன் டீட்ரிக்கும் உடன் சென்று சில ஆண்டுகள் அங்கே படித்தான். பின்னர் கோபன்ஹேகன், கோட்டிங்கன், போன் ஆகிய நகரங்களில் பயின்று, போன் பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் கற்பிக்கத் தொடங்கினார். அங்கேயே இருந்திருந்தால் மதிப்புக்குரிய ஒரு பேராசிரியராக வாழ்ந்து ஓய்வு பெற்றிருப்பார்.

அவருடைய வாழ்க்கையைக் கிழக்கே திருப்பியது அவருடைய திருமணம். 1854-இல் அவர் மணந்த ரேச்சல் அம்மையார், வங்காளத்தில் செராம்பூரில் பணியாற்றிய புகழ்பெற்ற மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். அங்கிருந்த டேனிஷ் மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான வோய்க்ட் என்பவரை ரேச்சல் முதலில் மணந்து, இளம் வயதிலேயே விதவையானவர். பிராண்டிஸைவிட வயதில் மூத்தவர். அவருடைய சகோதரி ஹன்னா, படைத்தளபதி ஹாவ்லக்கின் மனைவி. இந்த உறவின் வழியாகவே பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவின் காதுக்கு எட்டியது.

டல்ஹௌசிக்கு அப்போது ஒரு பெரும் கவலை இருந்தது. 1852-இல் நடந்த இரண்டாம் பர்மியப் போரில் பெகு மாகாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்கு முன்பே அவர்கள் பிடித்திருந்த தெனாசெரிம் பகுதியில் நடந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோல்மேன் துறைமுகத்து மர வணிகர்களுக்குக் காடுகளைத் திறந்து விட்டார்கள்; இருபது ஆண்டுகளுக்குள் நல்ல தேக்குகள் தீர்ந்துபோயின. வெட்டியவர் நட்டதில்லை. கப்பல் கட்ட ஓக் மரத்தை நம்பியிருந்த இங்கிலாந்தில் அந்த மரம் குறைந்துவிட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கும் பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போய்ப் போய் மெலிந்துவிட்டது. பெகுவும் அதே வழியில் போய்விடக் கூடாது என்று 1855-இல் டல்ஹௌசி ஒரு கொள்கைக் குறிப்பை எழுதி, அங்குள்ள தேக்கு அனைத்தும் அரசுடைமை என்று அறிவித்தார். அதைக் காக்க ஓர் அறிவியலாளர் வேண்டியிருந்தது. 1856-ஆம் ஆண்டு ஜனவரியில், முப்பத்தொரு வயது பிராண்டிஸ் பெகு தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார்.

சற்று எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சதுர மைல் காடு. சரியான வரைபடம் கிடையாது. தேக்கு, மாந்தோப்பைப் போல ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும் மரமும் அல்ல. பர்மாக் காட்டில் அது மூங்கிலுக்கும் வேறு பல மரங்களுக்கும் இடையே இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். அந்தக் காட்டில் மொத்தம் எத்தனை தேக்கு இருக்கிறது? ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல ஒருவரும் இல்லை. விடை தெரியாமலேயே வெட்டுவதுதான் அதுவரை நடந்த வழக்கம்.

பிராண்டிஸ் எண்ண முடிவு செய்தார். அவர் எண்ணிய விதத்தை அவருடைய அமெரிக்க மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். யானை மீது அமர்ந்து காட்டை ஊடுருவிச் செல்வார் பிராண்டிஸ். இடக்கையில் நான்கு குச்சிகள். வலக்கையில் ஒரு பேனாக்கத்தி. வழியின் இருபுறமும் குறிப்பிட்ட தொலைவுக்குள் ஒரு தேக்கு தென்பட்டால், அதன் பருமனுக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனக் குறித்த குச்சிகளில் ஒன்றில் ஒரு வெட்டுக்குறி. அந்த ஈரத்திலும் புதரிலும் காகிதமும் பென்சிலும் பயன்படாது. குச்சிதான் நோட்டுப் புத்தகம். சில நாட்களில் இருபது மைல் வரைகூடப் போய், மாலையில் கூடாரத்துக்குத் திரும்பிய பின் குறிகளை எண்ணி ஏட்டில் ஏற்றுவார். மலேரியாக் காய்ச்சல் வாட்டி எடுத்த காடு அது. அந்தக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்பதே அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. சில மாதங்கள் இப்படித் திரிந்த பிறகு, பெகுவின் தேக்கு இருப்பைப் பற்றிய முதல் மதிப்பீடு அவர் கையில் இருந்தது.

கணக்குப் பாடம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவிகள் இனி வருவதைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஆறடிச் சுற்றளவும் அதற்கு மேலும் உள்ள மரங்கள் முதல் வகுப்பு. நாலரை அடி முதல் ஆறடி வரை இரண்டாம் வகுப்பு. ஒன்றரை அடி முதல் நாலரை அடி வரை மூன்றாம் வகுப்பு. அதற்கும் கீழே உள்ள இளங்கன்றுகள் நான்காம் வகுப்பு. முதல் வகுப்பு மரத்தை மட்டுமே வெட்டலாம். ஓர் இரண்டாம் வகுப்பு மரம் வளர்ந்து முதல் வகுப்பை எட்ட 24 ஆண்டுகள் ஆகும் என்று பிராண்டிஸ் மதிப்பிட்டார். அப்படியானால் இப்போதுள்ள முதல் வகுப்பு மரங்களில் ஆண்டுக்கு இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு காட்டில் 2,400 முதல் வகுப்பு மரங்கள் இருந்தால் ஆண்டுக்கு 100. கடைசி நூறு மரம் வெட்டப்படும்போது, அன்று இரண்டாம் வகுப்பில் இருந்தவை வளர்ந்து அவற்றின் இடத்துக்கு வந்திருக்கும். வங்கியில் போட்ட முதலைத் தொடாமல் வட்டியில் குடும்பம் நடத்துவது போன்றது இது. சொல்வதற்கு எளிது. ஆனால் காட்டுக்குள் போய்க் குச்சியில் வெட்டுக்குறி போட்டால் அல்லவா முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தெரியும்?

வெட்டும் முறையும் பொறுமை வேண்டியது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆற்றில் விட்டால் மூழ்கிப் போகும். எனவே தேர்ந்தெடுத்த மரத்தின் அடியில் பட்டையையும் அதற்கடுத்த வெளிமரத்தையும் சுற்றிலும் வளையமாக வெட்டி விடுவார்கள். மரம் நின்றபடியே காய்ந்து இறக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதைச் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து வந்து போடுவார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அவற்றைப் பெரிய ஆற்றுக்குத் தள்ளும். அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள், ரங்கூனில் ஏலம். இன்று வளையம் வெட்டிய மரம் பணமாக மாற எப்படியும் மூன்று நான்கு ஆண்டுகளாகும். இந்த வளையம் வெட்டும் உரிமையைத்தான் பிராண்டிஸ் அரசு ஆட்களின் கையிலேயே வைத்துக்கொண்டார். எந்த மரம் சாக வேண்டும் என்று முடிவு செய்பவர் வணிகராக இருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. நம் மலைப் பகுதிகளில் கூப்பு எடுக்கும் குத்தகைக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ரங்கூன் மர வணிகர்களுக்கு இது பிடிக்குமா? இந்த ஜெர்மானியர் வணிகத்தை நசுக்குகிறார் என்று மேலிடத்துக்கு மனுமேல் மனு போயிற்று. 1860-களின் தொடக்கத்தில் சில காடுகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடவும் அரசு இசைய நேர்ந்தது. பிராண்டிஸ் தம்மால் இயன்றவரை தம் முறையைக் காத்தார்.

வணிகர்களோடு மல்லுக்கு நின்றவர், மலைவாழ் கரென் மக்களோடு வேறு வழியைக் கண்டார். அவர்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்து, ஓரிரு ஆண்டுகளில் வேறிடம் போகிறவர்கள். நம் சங்க இலக்கியம் பேசும் தினைப்புனத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பர்மிய மொழியில் அதற்கு டாங்யா என்று பெயர். மலை வயல் என்று பொருள். அதில் தேக்கும் எரிந்து போவதால் அதிகாரிகள் அவர்களுக்கு அபராதம் விதித்து வந்தார்கள். அபராதத்தால் பயனில்லை என்று கண்ட பிராண்டிஸ், நெல்லோடு நெல்லாகத் தேக்கு நாற்றையும் வரிசையாக நடுங்கள், அதற்குக் கூலி தருகிறோம் என்னும் ஏற்பாட்டை முன்வைத்தார். நெல் அறுவடையாகி மக்கள் நகர்ந்த பின் அங்கே தேக்குத் தோப்பு நிற்கும். இந்த ஏற்பாடு 1860-களின் இறுதியில் வேரூன்றியது. பின்னர் உலகின் பல வெப்ப நாடுகளுக்கு டாங்யா என்ற பெயரோடே பரவியது. தேக்கை நட்டு வளர்ப்பது நம் சென்னை மாகாணத்துக்கு முன்பே தெரிந்த கலை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரில், நிலம்பூரில், கலெக்டர் கொனோலியும் சாத்து மேனனும் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள்.

1862-இல் இந்திய அரசு பிராண்டிஸைப் பர்மாவிலிருந்து அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ரேச்சல் அம்மையார் காலமானார். துயரத்தோடு வேலையும் குவிந்தது. இரயில் பாதைகள் நாடெங்கும் நீண்டு கொண்டிருந்த காலம் அது. ஒரு மைல் பாதைக்கு ஏறத்தாழ 2,000 சிலீப்பர் கட்டைகள் வேண்டும். அவை சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மக்கிவிடும், மீண்டும் வேண்டும். 1870-களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் தேவைப்பட்டன. இமயத்தின் தேவதாருவும் சமவெளியின் சாலமரமும் அதற்காகச் சாய்ந்தன. இந்த நிலையில்தான் 1864-இல் இந்திய வனத்துறை தோன்றியது; அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக பிராண்டிஸ் நியமனம் பெற்றார். சென்னை மாகாணத்தில் 1856 முதல் காடுகளின் பாதுகாவலராக இருந்த டாக்டர் கிளெக்ஹார்ன் தொடக்க ஆண்டுகளில் அவருக்குத் தோள் கொடுத்தார். ஜெர்மனியிலிருந்து ஷ்லிக், ரிப்பென்ட்ராப் என்ற இரு இளைஞர்களை பிராண்டிஸ் வரவழைத்தார். அவருக்குப் பின் அவருடைய பதவியை வகித்தவர்கள் அவர்களே. 1878-இல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியதும் அவர் முயற்சிதான். ரேஞ்சர் வேலைக்கு இந்திய இளைஞர்கள் அங்கே பயின்றார்கள். உயர்ந்த பதவிகள் மட்டும் வெகு காலம் வெள்ளையர்களுக்கே இருந்தன.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது வெறும் புகழுரையாகிவிடும். அவருடைய வாழ்க்கையின் கடினமான பகுதி இனிமேல்தான்.

காடு அரசுடையது என்றால், தலைமுறை தலைமுறையாக அங்கே விறகு பொறுக்கி, மாடு மேய்த்து, தேன் எடுத்து வந்த மக்களின் கதி என்ன? பேடன்-பவல் என்ற அதிகாரி, மக்களுக்கு இருப்பது உரிமை அல்ல, அரசு காட்டிய சலுகைதான், வேண்டும்போது நிறுத்தலாம் என்று வாதாடினார். நம் சென்னை அரசோ, காடுகளில் கிராம மக்களுக்கு உண்மையான உரிமை உண்டு, அதைப் பறிப்பது முறையல்ல என்று எதிர்வாதம் செய்தது. வெள்ளையர் அரசே இப்படிச் சொன்னது வியப்புக்குரியது. ஆனால் வரலாறு அப்படித்தான் இருக்கிறது. பிராண்டிஸ் இடைவழியை நாடினார். மிக முக்கியமான காடுகளை மட்டும் எல்லை போட்டு அரசு வைத்துக்கொள்ளட்டும்; மற்றவற்றில் மக்களின் உரிமைகளை விசாரித்துப் பதிவு செய்யட்டும்; விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் சொந்தக் காடு இருக்கட்டும் என்பது அவர் யோசனை. ஐரோப்பாவில் ஊர்ப் பொதுக்காடுகளை ஊராரே நன்கு பராமரித்ததை அவர் கண்டவர்.

1878-ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் கிராமக் காடு என்ற அத்தியாயம் இடம்பெற்றது. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டது. காப்புக்காடுகள் விரிந்துகொண்டே போயின. கிராமக் காடுகள் வரவில்லை. சுள்ளி பொறுக்கப் போன பெண்கள் குற்றவாளிகளானார்கள். விறகும் தண்ணீரும் சுமப்பது யார் வேலை என்பதை நம் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிராண்டிஸ் இதை விரும்பவில்லை என்றாலும், அவர் கட்டிய துறைதான் இதைச் செய்தது. மரத்தைப் பற்றிய அவருடைய கணக்கை ஏற்றுக்கொண்ட அரசு, மக்களைப் பற்றிய அவருடைய யோசனையைக் கிடப்பில் போட்டது என்றே நான் நினைக்கிறேன். காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்கும் சட்டம் இந்தியாவில் வருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1878 சட்டத்தை ஏற்காத சென்னை மாகாணத்துக்கு பிராண்டிஸ் 1881-இல் நேரில் வந்தார். மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார். அவருடைய வருகையின் பயனாக வந்தது 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம். இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருப்பதும் அதுவே. ஓர் இடத்தைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், வன நிர்ணய அதிகாரி ஒருவர் அங்குள்ள மக்களின் கோரிக்கைகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அன்றைய சேலம் மாவட்டத்து மலைகளில் அவர் கண்டு குறித்து வைத்த ஒன்று நமக்குச் சுவையானது. ஏலகிரி மலையில் சாமி சோலை என்று ஒரு சோலை. ஜவ்வாது மலையில் புதூரில் ஒரு கோயில் காடு. சேர்வராயன் மலையில் பல. தெய்வத்துக்கு உரியது என்ற ஒரே காரணத்தால் அங்கே யாரும் கோடரி வைக்கவில்லை. இத்தகைய காடுகள் இந்தியாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் இருந்தன என்பதை, ஓய்வு பெற்ற பின் எழுதியபோது அவர் பதிவு செய்தார். காவலரும் அபராதமும் இல்லாமலே ஊரார் காத்த காடுகள் அவை. இறைவன் படைப்பைக் காப்பதில் எளிய மக்களுக்கு இருந்த அக்கறையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1883-இல் பிராண்டிஸ் ஓய்வு பெற்று, இரண்டாம் மனைவி கத்தரீனாவோடும் பிள்ளைகளோடும் போன் நகரில் குடியேறினார். 1887-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. ஓய்வு என்பது பெயருக்குத்தான். வனவியல் கற்க ஐரோப்பாவுக்கு வந்த மாணவர்களை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து காடுகளுக்கு நடத்தியே அழைத்துச் செல்வார். கண்டதை எல்லாம் எழுதித் தர வேண்டும். எழுதியதைத் திருத்தித் திருப்பித் தருவார். அப்படி நடந்த மாணவர்களில் ஒருவர்தான், 1905-இல் அமெரிக்க வன சேவையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்சோ. குச்சியில் வெட்டுக்குறி போட்டு மரம் எண்ணிய கதையை உலகுக்குச் சொன்னவரும் இவரே. அமெரிக்காவின் பொதுக்காடுகளை நடத்தும் வேலை அவரிடம் வந்தபோது, நேரில் சென்று பழகியிராத அந்நாட்டுக் காடுகளைப் பற்றியும் கடிதம் கடிதமாக ஆலோசனை அனுப்பினார் முதியவர் பிராண்டிஸ்.

எழுபது வயதைத் தாண்டிய பின் இந்தியாவின் மரங்கள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுக்கும் பணியில் அவர் இறங்கினார். மரம், செடி, கொடி, மூங்கில், பனை என நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை விவரிக்கும் அந்த நூல் 1906-இல் வெளிவந்தது. பர்மாக் காட்டுப் பெருமூங்கில் ஒன்றுக்குத் தாவரவியலார் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். குடகு மலையிலும் அது வளர்கிறது. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1907-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், தாம் பிறந்த போன் நகரிலேயே பிராண்டிஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 83.